மேயர் லண்டன் என்ற வக்கீல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை வகுப்பில் தொழிலாளர் சட்டத்தின் வரலாற்றைச் சொல்லும்போது, நியூயார்க் வக்கீல் மேயர் லண்டனைப் பற்றி அரை மணி நேரமாவது பேசிவிடுவேன். பாடத்திட்டத்தில் அவர் கிடையாது, என் ஆசைதான். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது கேட்கப்படும் கேள்விகள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒன்றே. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே எழுதிவைத்திருக்கிறேன்.

"லண்டன்ல மேயரா இருந்தவரா சார்? எந்த வருஷம்?"

முதல் கேள்வி எப்போதும் இதுதான். மேயர் என்பது பதவி இல்லை, அவருக்கு வைத்த பெயர். எபிரேய மொழியில் 'மெயிர்' என்றால் ஒளி தருபவர். நம்மவர்கள் பிரகாசம் என்று பெயர் வைப்பதுபோல. லண்டன் குடும்பப் பெயர். கற்றறிந்தவரைக் குறிக்கும் 'லம்தான்' என்ற சொல்தான் லித்துவேனிய யூதக் குடும்பங்களில் இப்படித் திரிந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. எழுத்தாளர் ஜாக் லண்டனுக்கும் இவருக்கும் உறவில்லை.

பிறந்தது 1871 டிசம்பர் 29, கல்வாரியா என்ற சிற்றூரில். அன்று ரஷ்யப் பேரரசு, இன்று லித்துவேனியா. வாழ்ந்தது நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில். இறந்தது 1926இல், 54 வயதில்.

"ஏன் ஊரை விட்டுக் கிளம்பினாங்க? கலவரமா, வறுமையா?"

இரண்டும். 1881இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்ட பிறகு யூதர்களின் மீது கலவரங்கள் கிளம்பின. 1882இல் வந்த சட்டங்கள் அவர்கள் கிராமங்களில் புதிதாகக் குடியேறுவதைத் தடுத்தன. 1887இல் பள்ளி, கல்லூரிகளில் யூத மாணவர்களுக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் இடமில்லை என்று வரம்பு கட்டினார்கள். பிழைப்பு ஏற்கெனவே மோசம். 1881க்கும் 1914க்கும் நடுவே கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் யூதர்கள் அமெரிக்கா போனார்கள்.

லண்டன் குடும்பத்தில் முதலில் கிளம்பியது அப்பா எஃப்ராயிம், 1888இல். தல்மூத் என்ற யூதச் சமயநூலைப் படித்த மனிதர், பிறகு மத நம்பிக்கையை விட்டுத் தீவிர அரசியல் பக்கம் போனவர். நியூயார்க்கில் அச்சுக்கூடம் வைத்தார். பிள்ளை படிப்புக்காக ஊரிலேயே தங்கினான். 1891இல் குடும்பமே கப்பலேறியபோது அந்தப் படிப்பு பாதியில் நின்றது. அப்போது அவனுக்கு 19 வயது.

"வந்ததும் வக்கீலாயிட்டாரா? இங்கிலீஷ் தெரியுமா?"

ஏழு வருஷம் ஆனது. ட்யூஷன் எடுத்தார், நூலகத்தில் வேலை பார்த்தார். நூலக வேலையில் சம்பளத்தைவிடப் படிக்கக் கிடைத்த நேரம்தான் பெரிய வரவு. 1896இல் நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் சேர்ந்து பெரும்பாலும் இரவு வகுப்புகளில் படித்தார். 1898இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார்.

பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஆறரை மணிக்கு என் முன்னால் வந்து உட்கார்ந்து கொட்டாவியை மறைப்பவர்களிடம் இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

"எந்த மாதிரி கேஸ் எடுப்பாரு? ஃபீஸ் வாங்குவாரா, மாட்டாரா?"

இரண்டு வகை வழக்குகள்தான் அவரிடம் அதிகம் வந்தன: வீட்டுக்காரனோடு மல்லுக்கட்டும் குடித்தனக்காரர்கள், முதலாளியோடு மல்லுக்கட்டும் சங்கங்கள். ஃபீஸ் வாங்காமல் எந்த வக்கீல் பிழைக்க முடியும்? வாங்கினார். ஆனால் அவருடைய கட்சிக்காரர்கள் தையல் மெஷின் மிதிப்பவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள். அவர்களால் எவ்வளவு தர முடியுமோ அவ்வளவுதான் வருமானம்.

லோயர் ஈஸ்ட் சைடு என்றால் ஐந்தாறு மாடிக் கட்டடங்கள், நெருக்கியடித்த குடித்தனங்கள், பல உள்ளறைகளுக்கு வெளிச்சமே கிடையாது. மூன்று அறை வீட்டில் குடும்பம், கூடவே வாடகைக்கு ஒண்டியிருக்கும் ஆட்கள், ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின். வீடேதான் பட்டறை. வேலை குறையும் மாதத்தில் வாடகை நிற்கும். வாடகை நின்றால் சாமான் தெருவுக்கு வரும். லண்டனும் அதே பகுதியில்தான் குடியிருந்தார். கட்சிக்காரர் ஆபீசுக்கு வரவில்லையென்றால் தெருவிலேயே பிடித்துக்கொள்வார்.

"'இன்ஜங்ஷன்' எதிர்த்து நின்னார்னு சொன்னீங்களே, ஒரு தடையுத்தரவுல அப்படி என்ன பெரிய ஆபத்து?"

அன்றைக்கு வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளிகள் கையிலிருந்த பெரிய ஆயுதமே அதுதான். தொழிற்சாலை வாசலில் மறியல் நடக்கிறது. முதலாளியின் வக்கீல் நீதிபதியிடம் போய், இதனால் வியாபாரச் சொத்துக்கு நஷ்டம் என்று மனுப் போடுகிறார். எதிர்த்தரப்பைக் கேட்காமலேயேகூடத் தடை கிடைத்துவிடும். அதை மீறி வாசலில் நின்றால் நீதிமன்ற அவமதிப்பு. குற்ற வழக்கு என்றால் ஜூரி உண்டு, ஜூரியில் உழைப்பாளியின் கஷ்டம் தெரிந்த ஒருவராவது உட்கார்ந்திருக்கலாம். அவமதிப்புக்கு ஜூரி கிடையாது, தடை போட்ட நீதிபதியே தண்டனையும் கொடுப்பார். மூன்று வாரம் கழித்து மேல்முறையீட்டில் ஜெயித்து என்ன பயன்? அதற்குள் ஸ்ட்ரைக் முடிந்திருக்கும்.

"1910 ஸ்ட்ரைக்ல அவர் பங்கு என்ன? தலைவரா, வக்கீலா?"

வக்கீல். பெண்களுக்கான கோட்டு, மேலங்கி தைக்கும் தொழிலாளர்கள் சுமார் 60,000 பேர் 1910 ஜூலையில் மெஷினை விட்டு எழுந்தார்கள். கூலி போதவில்லை என்பது மட்டும் குறை இல்லை. மெஷின் ஓடும் மின்சாரத்துக்குத் தொழிலாளி காசு கொடுக்க வேண்டும். ஊசிக்கும் அவனே. தொழிற்சாலைக்குள்ளேயே உள் ஒப்பந்தக்காரர் ஒருவர் இருப்பார், முதலாளியிடம் வேலையை மொத்தமாக எடுத்து, கீழே இருப்பவர்களிடம் பிழிந்து வாங்குவார். சீசனில் ராத்திரி வரைக்கும் வேலை, சீசன் போனால் ஒன்றுமில்லை.

எனக்கு இந்தக் கதையில் விசித்திரமாகப் படுவது, மேஜையின் எல்லாப் பக்கமும் யூதர்கள் என்பதுதான். தொழிலாளர்களில் இத்தாலியர்களும் நிறைய, ஆனாலும் பெரும்பான்மை யூதர்கள். முதலாளிகளில் பெரும்பாலோர் யூதர்கள். அவர்களுடைய வக்கீல் ஜூலியஸ் ஹென்றி கோஹன் யூதர். பாஸ்டனிலிருந்து சமரசத்துக்கு வரவழைக்கப்பட்ட லூயி பிராண்டைஸ், ஆறு வருஷம் கழித்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதியானவர். பேச்சு முறிந்தபோது ஒட்டவைத்த லூயி மார்ஷலும் அப்படியே. ஊருக்கு முன்னால் நம் வீட்டுச் சண்டை நாறுகிறதே என்ற வெட்கமும் சமரசத்தைத் தள்ளிக்கொண்டு போனது.

ஆகஸ்ட் கடைசியில் கோஃப் என்ற நீதிபதி இந்த ஸ்ட்ரைக்குக்கே எதிராகத் தடையுத்தரவு போட்டார் (போன பதிலில் சொன்ன ஆயுதம்). செப்டம்பர் 2இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, 'அமைதி உடன்படிக்கை' என்று அதற்குப் பெயர். வாரத்துக்கு 50 மணி நேர வேலை, ஆண்டுக்குப் பத்து விடுமுறை, மின்சாரக் காசு ரத்து, உள் ஒப்பந்தம் ரத்து. பட்டறைகளின் காற்று, வெளிச்சம், கழிப்பறை, தீ விபத்து அபாயம் ஆகியவற்றைப் பார்க்கச் சங்கமும் முதலாளிகளும் பொதுமக்கள் பிரதிநிதிகளும் சேர்ந்த ஒரு வாரியம். தகராறு வந்தால் தெருவுக்குப் போகாமல் நடுவர் குழு.

"சங்கத்து ஆளுக்கு முன்னுரிமைன்னு ஒத்துக்கிட்டது தோல்விதானேன்னு சொல்றாங்களே?"

அன்றைக்கே சொன்னார்கள். சங்கம் கேட்டது, சங்க உறுப்பினர்களை மட்டுமே வேலைக்கு வைக்க வேண்டும் என்று. முதலாளிகள் அந்த வார்த்தையைக் காதிலேயே வாங்கமாட்டோம் என்றார்கள். பிராண்டைஸ் நடுவில் ஒன்றைச் சொன்னார்: இருவர் ஒரே திறமை உள்ளவர்களாக இருந்தால் முதலில் சங்க உறுப்பினரை எடுங்கள். அந்தப் பேச்சுவார்த்தைக்கு உட்காருவதற்காக, பழைய கோரிக்கையை மேஜையில் வைக்க மாட்டோம் என்று லண்டன் ஒப்புக்கொண்டிருந்தார். தொழிலாளர்களிடையே கொந்தளிப்பு. இட்டிஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சு மொழி) பத்திரிகை ஒன்று இதைத் தேன் தடவிய ஏமாற்று என்ற பாணியில் தாக்கியது. ஆனால் கடைசியில் கையெழுத்தானது கிட்டத்தட்ட அந்த ஏற்பாடுதான்.

என் கணிப்பு: வக்கீலாக அவர் செய்தது சரி. பட்டினி கிடக்கும் 60,000 குடும்பங்களை வைத்துக்கொண்டு ஒரு சொல்லுக்காக இன்னும் இரண்டு மாதம் இழுப்பது எளிதாகச் சொல்லக்கூடியது, செய்யக்கூடியது அல்ல. உடன்படிக்கை நிலைக்கவில்லை என்பதும் உண்மை. 1916க்குள் நொறுங்கிவிட்டது. ஆனால் தொழில் முழுக்க ஒரே ஒப்பந்தம், நிரந்தர நடுவர் என்ற வழக்கம் நிலைத்தது.

"சமூகத்துக்கு உழைச்சார்ங்கறீங்க. ஆனா சாமி கும்பிடலையாமே, அப்புறம் எப்படி யூத சமூகத் தலைவர்?"

அப்பாவைப் போலவே அவரும் ஆசாரம் பார்த்தவர் அல்ல. அந்தப் பகுதியில் சமூகம் என்பது தொழுகைக்கூடத்தோடு முடிந்துவிடவில்லை. 'அர்பெட்டர் ரிங்' என்று ஒரு தொழிலாளர் பரஸ்பர உதவிச் சங்கம் இருந்தது. மாதச் சந்தா கட்டினால், நோயில் படுத்தால் பணம் வரும், செத்தால் அடக்கம் செய்ய இடமும் செலவும் கிடைக்கும். ஆள் தெரியாத நாட்டில் அநாதைப் பிணமாகிவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்குச் சாதாரணமல்ல. இட்டிஷ் வகுப்புகள், சொற்பொழிவுகள் எல்லாம் அதன் குடையில் நடந்தன. லண்டன் அந்த வட்டாரத்தின் வக்கீல், பேச்சாளர், கூப்பிட்டால் வருபவர்.

முதல் உலகப் போரில் கிழக்கு ஐரோப்பா போர்க்களமாகி, ஊர் ஊராக யூதர்கள் அகதிகளானார்கள். நிவாரணத்துக்குப் பணக்கார யூதர்கள் ஒரு குழு வைத்தார்கள், ஆசார யூதர்கள் ஒன்று வைத்தார்கள். 1915இல் தொழிலாளர்கள் தங்களுக்கென்று 'மக்கள் நிவாரணக் குழு' ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் தலைவர் லண்டன். பட்டறை பட்டறையாகச் சில்லறை சேர்த்த குழு அது.

"ஊருக்கு ஓடி ஓடி உழைச்சவர் வீட்டைக் கவனிச்சாரா?"

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், நியாயமான கேள்வியும்கூட. 1899இல் அன்னா ரோசன்சன் என்பவரை மணந்தார். அன்னா பல் டாக்டர். அந்தக் காலத்தில் ஒரு குடியேறிய பெண் பல் டாக்டரானது கணவர் வக்கீலானதைவிடக் கடினம் என்பேன். மேலே ஃபீஸ் பற்றிச் சொன்னதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்: கணவர் ஏழைகளின் வழக்காகப் பார்த்து எடுக்க முடிந்ததற்கு வீட்டில் இன்னொரு வருமானமும் இருந்தது ஒரு காரணம். ஒரே மகள், டாக்டருக்குப் படித்தார். சொத்து என்று எதையும் விட்டுப்போகவில்லை. படிப்பைக் கொடுத்தார்கள்.

"காங்கிரசுக்கு ஜெயிச்சார்னா காங்கிரஸ் கட்சியா?"

இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் என்பது நாடாளுமன்றம். லண்டன் சோஷலிஸ்ட் கட்சி வேட்பாளர். 1910, 1912 இரண்டிலும் தோற்று, 1914இல் ஜெயித்தார். அந்தக் கட்சியிலிருந்து காங்கிரசுக்குப் போன இரண்டாவது ஆள். முதலாமவர் மில்வாக்கியின் விக்டர் பெர்ஜர், அவரும் குடியேறிய யூதர். 1916இலும் 1920இலும் லண்டன் மறுபடி ஜெயித்தார், 1918இலும் 1922இலும் தோற்றார்.

1914இல் அவர் வாங்கியது 6,000க்கும் கொஞ்சம் குறைவான வாக்குகள். இவ்வளவு நெரிசலான பகுதியில் இவ்வளவு கம்மியா என்று தோன்றும். பாதிப் பேருக்குக் குடியுரிமை இன்னும் வரவில்லை, நியூயார்க்கில் பெண்களுக்கு வாக்கு 1917இல்தான் வந்தது. ஸ்ட்ரைக்கில் அவருக்காகக் கைதட்டியவர்களில் பலர் வாக்குச்சாவடிக்குள் நுழையவே முடியாதவர்கள். டாமனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சியின் தேர்தல் இயந்திரத்தை மீறித்தான் அந்த 6,000 வந்தது. ராத்திரி முடிவு தெரிய நேரமானது, ரட்கர்ஸ் சதுக்கத்தில் கூட்டம் விடியும்வரை கலையவில்லை.

"435 பேர்ல ஒத்தை ஆள். என்ன சாதிச்சாரு?"

கண்ணுக்குத் தெரிகிற சட்டம் எதுவும் இல்லை. 1916இல் வேலையின்மை, நோய், முதுமை மூன்றுக்கும் தேசிய அளவில் காப்பீடு கொண்டுவருவதை ஆராய ஒரு ஆணையம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். குழு விசாரணை நடந்தது, அத்தோடு செத்தது. அதே வேலையின்மைக் காப்பீடும் முதியோர் ஓய்வூதியமும் 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டமாக வந்தன. அவர் அதைப் பார்க்க இல்லை. நோய்க் காப்பீடு அந்தச் சட்டத்திலும் வரவில்லை.

1921இல் குடியேற்றத்துக்கு வரம்பு கட்டும் சட்டம் வந்தபோது எதிர்த்தார். ஒவ்வொரு நாட்டிலிருந்தும், 1910 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் இருந்த அந்நாட்டவரில் 3 சதவீதம்தான் ஆண்டுக்கு வரலாம் என்றது சட்டம். 1891இல் அப்படி ஒன்று இருந்திருந்தால் அவரே கரையிறங்கியிருப்பாரா என்பது சந்தேகம். இதில் அவருடைய கட்சிக்குள்ளேயே எல்லோரும் அவர் பக்கம் இல்லை.

"போரை எதிர்த்து ஓட்டுப் போட்டார், அப்புறம் 'வந்திருக்கேன்'னு மட்டும் சொன்னாராமே. நழுவல் இல்லையா அது?"

1917 ஏப்ரலில் போர்ப் பிரகடனத்தை எதிர்த்து 50 பேர் வாக்களித்தார்கள், ஆதரித்தவர்கள் 373. ஐம்பதில் ஒருவர் லண்டன். போர் தொடங்கிய பிறகு சில போர் மசோதாக்களில் ஆதரவும் சொல்லாமல் எதிர்ப்பும் சொல்லாமல் அவைக்கு வந்ததை மட்டும் பதிவு செய்தார். போர்முனையில் நிற்கும் பையன்களுக்குப் போகும் பணத்தை மறிக்க அவருக்கு மனம் வரவில்லை, போரை ஆமோதிக்கவும் வரவில்லை. வலதுசாரிகள் துரோகி என்றார்கள், சொந்தக் கட்சியின் இடதுசாரிகள் கோழை என்றார்கள்.

நழுவல் என்று சொல்ல எனக்கு வாய் வராததற்குக் காரணம் 1918 மே மாதம். அரசையும் ராணுவத்தையும் இழிவாகப் பேசுவதையே குற்றமாக்கும் தேசத்துரோகச் சட்டம் சபைக்கு வந்தது. ஆதரவு 293, எதிர்ப்பு 1. அந்த ஒன்று லண்டன். நழுவ நினைப்பவனுக்கு அன்றைக்குத்தான் வசதியான நாள்.

"யூதரா இருந்துக்கிட்டு யூத நாட்டை ஏன் ஆதரிக்கலை?"

1917 நவம்பரில் பிரிட்டன் பால்ஃபர் பிரகடனத்தை வெளியிட்டு, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் என்றது. அதை ஆதரித்துக் காங்கிரசில் தீர்மானம் கொண்டுவரும்படி, யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிஸ்டுகள் லண்டனைக் கேட்டார்கள். மறுத்துவிட்டார். யூதர்கள் எங்கே வாழ்கிறார்களோ அங்கேயே சம உரிமையோடு வாழ வேண்டும், அதற்குத்தான் போராட வேண்டும் என்பது அவர் வாதம். ரஷ்யாவில் 'புந்த்' என்ற யூதத் தொழிலாளர் அமைப்புக்கு அமெரிக்காவிலிருந்து பணம் திரட்டிக் கொடுத்தவர் அவர். அவர்களின் நிலைப்பாடும் அதுவே.

1918 தேர்தலில் இதற்கு விலை கொடுத்தார். ஒரு பக்கம் சியோனிஸ்டுகள், ஒரு பக்கம் தேசபக்தி அலை, போதாக்குறைக்கு ஜனநாயகக் கட்சியும் குடியரசுக் கட்சியும் சேர்ந்து ஒரே வேட்பாளரை நிறுத்தின. பின்னாளில் ஐரோப்பாவில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததை வைத்து இன்று அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. 1918இல் நின்று பார்த்தவருக்கு 1942 தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகப் படவில்லை. அவர் அந்த விஷயத்தைக் கொஞ்சம் நளினமாகக் கையாண்டிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"அவரைத் தோக்கடிச்சவங்களும் யூத வக்கீல்கள்தானா?"

ஆமாம். 1914இல் இவரிடம் தோற்று 1918இல் இவரைத் தோற்கடித்த ஹென்றி கோல்ட்ஃபோகிள் யூத வக்கீல். 1922இல் ஜெயித்த சாமுவேல் டிக்ஸ்டைன் சின்ன வயதில் லித்துவேனியாப் பக்கமிருந்து வந்து வக்கீலானவர், 22 வருஷம் காங்கிரசில் இருந்தார். சோவியத் ஆவணங்கள் 1990களில் வெளியானபோது ஒன்று தெரிந்தது: 1930களின் கடைசியில் டிக்ஸ்டைன் சோவியத் உளவுத்துறையிடம் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் அவருக்கு வைத்திருந்த சங்கேதப் பெயரின் பொருள் 'மோசடிக்காரன்'. சோஷலிஸ்டான லண்டனைத்தான் வாழ்நாளெல்லாம் தேசத்துரோகி என்றார்கள்! டிக்ஸ்டைன் பெயரில் லோயர் ஈஸ்ட் சைடில் ஒரு தெரு உண்டு.

"சாகும்போது டாக்சி டிரைவரை மன்னிச்சார்னு சொல்றது கதையா, நிஜமா?"

நிஜம். 1926 ஜூன் 6, ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் அவென்யூவைக் கடக்கும்போது டாக்சி மோதியது. பையில் செகாவின் கதைப் புத்தகம். பெல்வியூ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். டிரைவர் மேல் வழக்குப் போடக்கூடாது, அவனும் ஏழைதான் என்று சொன்னார். அன்றிரவே உயிர் போனது. மன்னிப்பு என்பதைவிட, கட்சிக்காரரைக் காப்பாற்றும் வக்கீலின் கடைசி யோசனை என்றுதான் எனக்குத் தோன்றும். டிரைவர் பிழைப்பு என்ன, ஒரு வழக்கு வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இறுதி ஊர்வலத்தைப் பார்க்கத் தெருக்களில் நின்றவர்கள் ஐந்து லட்சம் பேர் என்று அந்நாளைய பத்திரிகைகள் கணித்தன. நடந்து வந்தவர்கள் மட்டும் 50,000. க்வீன்ஸ் பகுதியின் மவுண்ட் கார்மல் மயானத்தில் அடக்கம். இட்டிஷ் எழுத்தாளர் ஷோலம் அலைக்கம் இருப்பதும் அந்த மயானம்தான்.

"இப்போ அவர் பேர்ல ஏதாவது இருக்கா?"

லோயர் ஈஸ்ட் சைடின் ஹென்றி தெருவில் ஒரு அரசுப் பள்ளி இருக்கிறது. ஒரு கப்பலும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் சரக்கு ஏற்ற ஆயிரக்கணக்கில் கட்டிய 'லிபர்ட்டி' கப்பல்களில் ஒன்றுக்கு, போருக்கு எதிராக வாக்களித்த இந்த மனிதரின் பெயரை வைத்தார்கள். 1944 ஏப்ரல் 16இல், லிபியாவின் தெர்னா நகருக்கு அப்பால் மத்தியதரைக் கடலில், ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அதை டார்பிடோ அடித்து மூழ்கடித்தது.